முழுதில் பத்து

பவளத்துக்கு ஆசிரிய கலாசாலையில் இடம் கிடைத்திருக்கிறது. நேற்றுப் பின்னேரம், தான் படிப்பிக்கும் நெடுங்கேணியிலிருந்து பஸ்ஸில் வந்து அவளே சொன்னாள். கலாசாலை அனுப்பிய கடிதத்தையும் வாங்கி இரண்டு தரம் வாசித்தேன். பெயர், பிறந்த திகதி, படிப்பிக்கும் பள்ளிக்கூடம் எல்லாம் சரி. ஆகவே இது கேள்விப்பட்ட கதை அல்ல, உறுதியான செய்தி. உம்முடைய தங்கச்சி தை பிறந்ததும் போகிறாள்.

நீர் போய் மூன்று மாரி கழிந்துவிட்டது. ஆனாலும் ஒரு செய்தி கைக்கு வந்ததும் முதலில் உமக்குச் சொல்லிவிட்டுத்தான் பத்திரிகைக்கு எழுதுவது என்ற பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. இதைப் பத்திரிகைக்கு எழுத வேண்டியதில்லை. உமக்கு எழுதினால் போதும்.

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, அலுமாரியின் மேல்தட்டிலிருந்து தகரப் பேணியை இறக்கினேன். மூடியைக் கழற்றியதும் மல்லி வாசம். நீர் மல்லி போட்டு வைத்திருந்த பேணி அது. கழுவி, துடைத்து, ஒரு பகல் முழுக்க வெயிலில் கவிழ்த்து வைத்துத்தான் காசு போடத் தொடங்கினீர். அந்தத் தகரத்தை விட்டு மல்லி இன்னும் போகவில்லை. உள்ளே கிடக்கும் நோட்டு, சில்லறை எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. தபாற்கந்தோரில் சேமிப்புக்குக் கட்டப் போனால் கவுண்டரில் இருப்பவர், "ஐயா வந்திட்டார், கறி மணக்குது" என்பார். எட்டு வருஷமாக அதே பகிடி. நானும் ஒவ்வொரு முறையும் சிரித்து வைக்கிறேன்.

நாம் கலியாணம் முடித்துக் கிளிநொச்சிச் சந்திக்குப் பின்னால் அந்த ஓலை வீட்டுக்குக் குடிவந்த முதல் மாதக் கடைசியை நினைத்துக்கொள்கிறேன். நீர் குடியேற்றத் திட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை. பயிற்சி பெறாதவர் என்பதால் சம்பளம் நூறு ரூபாவோடு நின்றது. நான் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றுக்கு வன்னி நிருபர். எனக்குச் சம்பளம் என்று ஒன்று இல்லை. அச்சில் வந்த செய்தியைக் கந்தோரில் அடிக்கோல் வைத்து அளப்பார்கள். அங்குலத்துக்கு ஐம்பது சதம். தலைப்பு கணக்கில் சேராது. யானை வயலுக்குள் இறங்கினால், குளக்கட்டு கசிந்தால், கொழும்பிலிருந்து மந்திரி வந்தால் எனக்கு நல்ல மாதம். எல்லோரும் சுகமாக இருந்தால் எனக்குக் கெட்ட மாதம்.

"ஊருக்குக் கேடு வந்தாத்தான் எங்கட அடுப்பு நல்லா எரியும் போல" என்றீர். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர். ஆனால் அன்று கையில் சிலேற்று இருந்தது. பள்ளிக்கூடத்துச் சிலேற்று.

நீர் கலாசாலைக்குப் போக வேண்டும். அதுதான் அந்தச் சிலேற்றுக்குக் காரணம். பயிற்சி பெறாத ஆசிரியையை எந்த நேரமும் வீட்டுக்கு அனுப்பலாம். பயிற்சி பெற்றுவிட்டால் அப்படி அசைக்க முடியாது, சம்பளமும் ஏறும். ஆனால் அங்கே இரண்டு வருஷம் படிக்க வேண்டும். அந்த இரண்டு வருஷமும் முழுச் சம்பளம் வராது. தீவுப்பகுதியில் உம்முடைய தாயும் பவளமும் உம்முடைய காசை நம்பி இருந்தார்கள். தகப்பன் இல்லை. சேர்த்து வைக்காமல் போனால் அவர்கள் இருவரும் பட்டினி. இரண்டு தரம் விண்ணப்பம் எழுதி, இரண்டு தரமும் அனுப்பாமல் மடித்து வைத்தவர் நீர்.

"நான் போறன். அதில கதை இல்லை. எந்த வருஷம் எண்டதுதான் கணக்கு" என்று சொல்லிப் பாயில் உட்கார்ந்தீர்.

அந்த மாதம் உம்முடையது நூறு, என்னுடையது எண்பது. நான் சொன்னேன், "மாதம் இத்தனை ரூபா எண்டு ஒதுக்கினாப் போச்சு. அதுக்கேன் சிலேற்று?"

"இந்த மாதம் யானை வந்தது, எண்பது. வாற மாதம் யானை வராட்டி?"

"வராட்டி என்ன, வேற ஏதும் வரும்."

"இஞ்சேருங்கோ, உங்கட வருமானம் குளம் மாதிரி. நிரம்பி வான் பாயிற மாதமும் இருக்கு, சேறு தெரியிற மாதமும் இருக்கு. இத்தனை வாளி அள்ளுறது எண்டு முதலே சொல்ல ஏலாது. இருக்கிறதில இத்தனை பங்கு எண்டுதான் சொல்லலாம்."

பிறகு ஒரு ரூபாவை எடுத்துப் பாயில் வைத்தீர். "இதில நூறு சதம். அம்பது சதம் சங்கக்கடைக்கும் சந்தைக்கும். பதினைஞ்சு அம்மாவுக்கு. பத்து பேணிக்கு. மிச்சத்தில வாடகையும் உங்கட பஸ், தந்தி, தேத்தண்ணியும். எத்தனை ரூபா வந்தாலும் ஒவ்வொரு ரூபாவையும் இப்பிடித்தான் வெட்டுறது. நூற்றுக்கு இத்தனை எண்டுறது இவ்வளவுதான்."

"வாடகையையும் நூற்றுக்கு இத்தனை எண்டு வைக்கலாமே?"

"வைக்கலாம். வீட்டுக்காரர் கேக்கவேணுமே. அவருக்கு இருபத்தைஞ்சு எண்டா இருபத்தைஞ்சு."

சோறு பொங்கிவிட்டது என்று நீர் குசினிக்குள் எழுந்து போனீர். பங்கு பிரிக்கும் வேலையை என்னிடம் விட்டீர். நானும் வெகு கவனமாகப் பிரித்தேன். சாப்பாட்டுக்குத் தொண்ணூறு. தாயாருக்கு இருபத்தேழு. வாடகை இருபத்தைந்து. பாயில் முப்பத்தெட்டு ரூபா கிடந்தது. அதில் நூற்றுக்குப் பத்து, மூன்று ரூபா எண்பது சதம். சில்லறை மாற்றி, எண்பது சதம் வரை சரியாகப் பேணிக்குள் போட்டுவிட்டு உம்மைக் கூப்பிட்டேன்.

நீர் அகப்பையோடு வந்து எட்டிப் பார்த்தீர்.

"இதென்ன?"

"பத்து."

"எதில பத்து?"

"மிச்சத்தில."

அகப்பையைக் கீழே வைத்தீர். "பதினெட்டு ரூபா எங்க, மூண்டு எண்பது எங்க? இந்தக் கணக்கில நான் கலாசாலைக்குப் போகேக்க என்ர மாணவியள் பென்சன் எடுத்திருப்பினம்."

நான் விளையாட்டுக்குச் செய்யவில்லை. எனக்கு அதுதான் கணக்கு. தண்ணீரூற்றில் ஐயாவின் களத்தில் பார்த்து வளர்ந்த கணக்கு. மாடு விட்டுச் சூடு மிதித்து நெல்லைக் குவித்தபின், வெட்டினவர்களுக்கு அளப்பார்கள். பிறகு மாடு விட்டவருக்கு. பிறகு கோயிலுக்கு, விதைக்கு. ஒருவருக்கு அளந்து சாக்கில் கட்டிவிட்டால் அதைப் பற்றி மறுபடி களத்தில் வாய் திறக்கக் கூடாது. அது எங்கள் பக்கத்து வழக்கம். அடுத்தவர் வரும்போது கண்முன்னே எவ்வளவு கிடக்கிறதோ அதுதான் குவியல். அவருடைய பங்கு அதிலிருந்துதான். அளந்து போனதையும் சேர்த்து முழுது என்று ஒன்றை எண்ணுவது எனக்குத் தோன்றவே இல்லை.

இதை நான் விளக்கிச் சொல்ல, நீர் பொறுமையாகக் கேட்டீர். "சரி, மாமாவின்ர களத்தில மிச்சம் வீட்டுக்கு வருது. நல்லது. இஞ்ச மிச்சத்தில ஏறியெல்லோ நான் படிக்கப் போகவேணும்" என்றீர். நான் விடவில்லை. களத்துக் கணக்குப் பிழை என்று ஒரு வாத்தியாரம்மா சொல்வதா என்று எனக்குள் ஒரு கொதி. அடுத்த வாரம் ஐயா ஒரு மூட்டை அரிசியோடு வந்திறங்கியதும், வெற்றிலை போடக்கூட விடாமல் அவரிடமே வழக்கை வைத்தேன். அவர் என் பக்கம்தான் பேசுவார் என்ற நம்பிக்கை.

ஐயா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். "களத்தில கடைசியாக் கூட்டி அள்ளாமல் விடுறது ஆருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"குருவிக்கு."

"அப்ப மிச்சத்தில பங்கு கேக்கிறது குருவிதான், மோனை. பிள்ளை படிக்கப் போறா. முதல் மூட்டையை அவவுக்குக் கட்டு."

நீர் உள்ளே போய்ச் சிரித்த சிரிப்பு முற்றம் வரை கேட்டது. அன்றிலிருந்து என்னுடைய பஸ், தந்தி, தேத்தண்ணீர்க் காசுக்கு எங்கள் வீட்டில் குருவிப் பங்கு என்று பெயர். பத்து முதலில் எடுக்கப்படும். முழுதில்.

அடுத்த வருஷம் பத்திரிகைக்குக் கஷ்டம் வந்தது. கடதாசி விலை என்று சொல்லி, நிருபர்களின் காசை நூற்றுக்கு இருபது வெட்டினார்கள். ஐம்பது சதம் நாற்பதாயிற்று. அந்த வருஷம் மழையும் இல்லை. வயலில் வேலை இல்லை, செய்தியும் இல்லை. சேறு தெரிந்த மாதங்கள் அவை. பேணியை இரண்டு மாதம் விட்டுவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். நீர் சிலேற்றைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினீர். முழுது குறைந்திருந்தது, அதனால் பத்தும் குறைந்தது. பதினெட்டு பதினாலாயிற்று, ஒரு மாதம் பன்னிரண்டு. "குறையலாம். இல்லாமல் போகக் கூடாது" என்றீர். பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸை விட்டு நடந்தீர். வாய்க்கால் வரம்பால் போய், சேலைக்கரையில் நாயுருவி ஒட்ட வந்து நிற்பீர்.

மாரி பிறந்தபின் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நிலைமை சீரானதால் வெட்டிய இருபது வீதத்தை மீண்டும் கூட்டித் தருகிறோம் என்று. நான் சந்தோஷத்தில் சந்தைக்குப் போய், இரணைமடுவில் பிடித்த விரால் ஒன்றை, முழங்கை நீளத்தில், வாழைநாரில் கட்டிக் கொண்டுவந்தேன். நீர் ஒரு கையில் மீனையும் மறுகையில் கடிதத்தையும் வாங்கினீர். கடிதத்தைத்தான் முதலில் பார்த்தீர்.

"மீன் நல்ல மீன். கணக்குத்தான் நாறுது."

"என்ன நாறுது? இருபது வெட்டினவை, இருபது கூட்டினவை."

"எதில இருபது?"

நான் கடிதத்தை எட்டிப் பார்த்தேன்.

"வெட்டினது அம்பதில. அது பத்துச் சதம். கூட்டினது நாற்பதில. அது எட்டுச் சதம். இப்ப அங்குலத்துக்கு நாற்பத்தெட்டு. ரெண்டு சதம் எங்க?"

மீனைக் கழுவியபடியே மேலும் சொன்னீர். "அண்டைக்குப் பாயில நீங்கள் செய்ததைத்தான் அவையும் செய்திருக்கினம். மிச்சத்தில அளந்திருக்கினம். வேணுமெண்டு செய்தினமோ தெரியாமல் செய்தினமோ, போய்க் கேளுங்கோ."

"ரெண்டு சதத்துக்கு யாழ்ப்பாணம் போறதோ? ரயில் காசு ஆர் தாறது?"

"குருவி தரும்."

போனேன். கணக்கர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அடிக்கோலால் முதுகைச் சொறிந்தபடி இருந்தார். நல்ல மனிதர், ஆனால் நிருபர்கள் காசு கேட்டு வருவது அவருக்குப் பிடிக்காது.

"இருபது வெட்டினம், இருபது கூட்டினம். பேந்தென்ன தம்பி?"

"எதில இருபது ஐயா?"

"ரேற்றிலதான்."

"எந்த ரேற்றில? வெட்டினது அம்பதில, கூட்டினது நாற்பதில."

அவர் ஒற்றுக்கடதாசியில் ஏதோ எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார். "இதை ஆர் உமக்குச் சொல்லித் தந்தது?"

"வீட்டில."

"வீட்டில வேற வேலை இல்லையோ?"

"இருக்கு ஐயா. அந்த வேலைக்குத்தான் இந்த ரெண்டு சதம்."

மேலே சொல்லிப் பார்க்கிறேன் என்றார். சொன்னாரோ தெரியாது. பதில் வரவில்லை. நீர் வாரம் ஒரு தபாலட்டை வாங்கி வந்து என் முன்னால் வைப்பீர். நான் ஒரே வசனத்தைத்தான் எழுதுவேன்: அங்குலத்துக்கு இரண்டு சதம் இன்னும் வரவேண்டியிருக்கிறது. கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. இரண்டு மாதம் போயிற்று. மூன்றாம் மாதக் கணக்கில், ஒரு விளக்கமும் இல்லாமல், அங்குலத்துக்கு ஐம்பது சதம் போட்டு வந்தது. எனக்கு மட்டுமல்ல, எல்லா நிருபர்களுக்கும். முல்லைத்தீவிலிருந்து எழுதும் நண்பர் என்னைக் கண்டதும், "உம்மட வீட்டுக்காரிக்கு ஒரு சாறன் எடுத்துத் தரலாமெண்டு பாத்தன், பிறகுதான் யோசிச்சன் ஆம்பிளையள் உடுக்கிறதை அவ என்னத்துக்கு உடுக்கிறது எண்டு" என்று சொல்லி, ஒரு போத்தல் தேனைக் கையில் திணித்தார்.

அதற்கடுத்த தையில் நீர் போனீர். ரயில் நிலையத்தில் றங்குப் பெட்டிக்கு மேல் உட்கார்ந்து, கண் கலங்கவில்லை என்று காட்டுவதற்காகப் பாதையை வேடிக்கை பார்த்தீர். ரயில் அசைந்தபோது ஜன்னலால் தலையை நீட்டிச் சொன்னது, "பத்து முதல்!" பக்கத்தில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்துப் பயிற்சி பெற்ற ஆசிரியையாகத் திரும்பி வந்தீர். இனிப் பேணிக்கு வேலையில்லை என்று நான் நினைத்தேன். வந்த முதல் சம்பளத்தில் பத்தை எடுத்து உள்ளே போட்டீர். "இது பவளத்துக்கு. அவளும் ஒரு நாள் படிப்பிப்பாள்" என்றீர். அப்போது பவளத்துக்குப் பின்னல் இரட்டை.

அந்த மாரியில் வந்த காய்ச்சலைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. ஆஸ்பத்திரியில் நீர் கேட்டது ஒன்றுதான். "இந்த மாதம் போட்டாச்சோ?" ஓம் என்றேன். உம்மை ஆறுதல்படுத்தச் சொன்னதல்ல. போட்டிருந்தேன். அதற்கடுத்த மாதமும் போட்டேன்.

உம்மிடமிருந்து எனக்கு வந்தது பேணி மட்டுமல்ல. போன மாதம் அரசாங்க அதிபரின் கந்தோரான கச்சேரியில் ஓர் அதிகாரி நெல் அழிவைப் பற்றிச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றார். மற்ற நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் பேனாவை மூடி வைத்தேன்.

"எதில் முப்பது?"

"வயலில்தான்."

"விதைத்த வயலிலா, பதிவில் இருக்கிற வயலிலா?"

தண்ணீர் போதாமல் இந்த முறை பலர் பாதிக் காணிதான் விதைத்தார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதிவில் முப்பது என்றால், விதைத்தவன் தன் வயலில் இழந்தது அதைவிட எவ்வளவோ கூட. நட்டஈடு அந்த எண்ணைப் பார்த்துத்தான் வரும். பிறகு சொல்கிறேன் என்றார். நான் வெளியே வாங்கில் இருந்தேன். மறுநாளும் போய் இருந்தேன். மூன்றாம் நாள், பதிவில்தான் என்று சொன்னார். கச்சேரிப் பியோன் எனக்கு 'எதில் ஐயா' என்று பெயர் வைத்திருக்கிறானாம். அந்தப் பெயர் உமக்குரியது.

நேற்று வந்தது பவளம் மட்டுமல்ல, தீவை விட்டு இப்போது அவளோடு இருக்கும் உம்முடைய தாய், மாமியும்தான். பேணியையும் சேமிப்புக் கணக்கையும் மேசையில் வைத்ததும் பவளம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அத்தான், இது அக்காவின்ர காசு. நான் தொடமாட்டன்."

"அக்கா தன்ர காசை எடுத்துப் படிச்சு முடிச்சிட்டா. பேந்து அவ போட்டது உனக்கு. அதுக்குப் பிறகு நான் போட்டதும் உனக்கு."

"நீங்கள் போட்டது முழுதிலயோ, மிச்சத்திலயோ? அக்கா எல்லாம் சொல்லியிருக்கிறா."

மாமி சிரித்துவிட்டா. அப்படி அவ சிரித்து எவ்வளவு காலம். பிறகு பவளம் உண்மையான பயத்தைச் சொன்னாள். "நான் போனால் அம்மாவை ஆர் பாக்கிறது?"

"நான் என்ன பசுமாடோ, ஆள் வைச்சுப் பாக்க?" என்றா மாமி.

"மாமி என்னோட இருக்கட்டும்."

"உங்கட சமையலை ஆர் தின்னுறது? நான் இருக்கிறதெண்டாக் குசினி எனக்கு."

அத்தோடு அது தீர்ந்தது. பவளம் கையைப் பின்னாலிருந்து எடுத்து, உம்முடைய சிலேற்றைக் கேட்டாள். ஒரு மூலை உடைந்திருக்கிறது, மற்றபடி நல்லாயிருக்கிறது. அவள் கணக்குப் போட்டாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சேமிப்பும் பேணியும் சேர்ந்து ஒன்றரை வருஷத்துக்குக் காணும். கடைசி அரை வருஷம் துண்டு விழுகிறது. விடுதிக் காசை அங்கே அவளுக்குக் கிடைக்கும் பணத்தில் கழிப்பார்களா, நாங்கள் தனியாகக் கட்ட வேண்டுமா என்று கடிதத்தில் இல்லை. கழித்தால் என் வருமானத்தில் நூற்றுக்குப் பத்தே போதும். தனியாகக் கட்டுவதென்றால் நூற்றுக்குப் பதினாலு எடுக்க வேண்டும். இரண்டையும் அவள் சிலேற்றில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். நான் அழிக்கவில்லை.

இன்று விடிய முதல் தபாலில் கலாசாலைக்கு எழுதிக் கேட்டேன். பதில் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வரும் என்று தபாற்கந்தோரில் சொல்கிறார்கள். பவளம் போகிறாள் என்பது முடிந்த செய்தி. பத்தா, பதினாலா என்பதுதான் பாக்கி. எதுவென்றாலும் முதலில் எடுப்பேன், முழுதில். மிச்சம் குருவிக்கு.